நூல் போன வழி – 9: ஒன்பது பேல் துணி

சோமனூரில் துணியை மீட்டரில் அளப்பார்கள், லாரியில் ஏற்றும்போது பேல் கணக்கில் எண்ணுவார்கள். காடாத் துணியை மடித்து, அழுத்தி, சாக்குச் சுற்றிக் கட்டி, மேலே மையில் மார்க் போட்டுவிட்டால் அதற்கும் நெய்தவருக்கும் அத்தோடு ஒட்டு அறுந்தது. அது எந்த ஊரில் சட்டையாகிறது, எந்த ஊரில் மெத்தை உறையாகிறது என்று தறிக்காரர் விசாரித்துக்கொண்டிருப்பதில்லை. கூலி கைக்கு வந்ததா என்பதே அவர் கவலை.

அப்படிப் பிறர் கைக்குப் போன ஒன்பது பேல் சரக்கு, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்குப் பெயராகி நின்றது.

ஆண்டு 1718. லண்டனிலிருந்து பாஸ்டன் துறைமுகத்துக்கு ஒன்பது பேல் சரக்கும் 417 புத்தகங்களும் அரசர் முதலாம் ஜார்ஜின் படம் ஒன்றும் வந்து இறங்கின. பேல்களில் மஸ்லின் இருந்தது, காலிகோ இருந்தது. காலிகோ என்ற பெயரே நம் கோழிக்கோட்டிலிருந்து போனதுதான். சரக்கை விற்றதில் 562 பவுண்டு தேறியது. கனெக்டிகட்டில் கட்டடத்தை முடிக்கக் காசில்லாமல் திணறிய ஒரு சின்னக் கல்லூரிக்கு அந்தப் பணம் சேர்ந்தது. கல்லூரி தன் பெயரையே கொடையாளிக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. அவர் எலிஹு யேல். 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் தலைவராக இருந்தவர்.

யேல் பாஸ்டனில் 1649இல் பிறந்து, நினைவு தெரியும் முன்பே இங்கிலாந்துக்குப் போனவர். பிறந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் குமாஸ்தாவாகச் சென்னை வந்து, சொந்தக் கணக்கில் வைரமும் சரக்கும் விற்றுப் பெரும் பணம் சேர்த்தார். அவர் தலைமையில் கோட்டை இருந்தபோது சென்னையிலிருந்து போன கப்பல்களில் அடிமைகளும் ஏற்றப்பட்டார்கள். பதவியை வைத்துச் சொந்தத் தொழில் வளர்த்தார் என்று புகார் எழுந்து 1692இல் பதவி பறிபோனது. புண்ணியம் தேடக் காரணம் இருந்த ஆள்தான். வேடிக்கை என்னவென்றால் அவர் இங்கிலாந்து அரசுத் திருச்சபையைச் சேர்ந்தவர். கல்லூரியோ அந்தத் திருச்சபை பிடிக்காமல் கடல் தாண்டி ஓடியவர்களின் வாரிசுகளுடையது.

அவரிடம் பேசிக் கறந்தவர்களில் முக்கியமானவர் காட்டன் மாதர் என்ற பாஸ்டன் போதகர். கல்லூரிக்கு உங்கள் பெயர் வைத்தால் எகிப்தியப் பிரமிடைக் காட்டிலும் நல்ல நினைவுச்சின்னமாக நிற்கும் என்ற பொருளில் யேலுக்குக் கடிதம் எழுதினார். கோயில் திருப்பணிக்கு வசூலுக்குப் போகிறவர்கள் கல்வெட்டில் பெயர் பொறிப்பதாகச் சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் அதிகமில்லை.

ஒரு சின்னக் கல்லூரிக்கு ஏன் இத்தனை அலைச்சல்? அதற்கு 1630க்குப் போக வேண்டும். ஜான் வின்த்ராப் தலைமையில் அந்த ஆண்டு மாசசூசெட்ஸ் கரையில் இறங்கியவர்கள் பியூரிட்டன்கள். திருச்சபையைக் கழுவித் தூய்மையாக்க வேண்டும் என்றவர்கள். ஆயர் வேண்டாம், ஆடம்பரச் சடங்கு வேண்டாம், ஒவ்வொரு ஊர்ச் சபையும் தன் போதகரைத் தானே தேர்ந்தெடுக்கும் என்றார்கள். காடு வெட்டி ஊர் கட்டும்போதே நடுவில் சபை மண்டபத்துக்கு இடம் விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அது வழிபாட்டு இடம், மற்ற நாளில் ஊர்க்கூட்டம் நடக்கும் சாவடி. 1631இல் ஒரு சட்டம் வந்தது: சபை உறுப்பினராக ஏற்கப்பட்ட ஆணுக்கு மட்டுமே வாக்குரிமை. உறுப்பினராவதும் லேசில்லை. கடவுளின் அருள் தன் உள்ளத்தில் இறங்கியது எப்படி என்று சபை முன் எழுந்து நின்று சொல்ல வேண்டும். கேட்டவர்கள் நம்ப வேண்டும்.

கொங்கு நாட்டுக்காரருக்கு இதில் பாதி புதிதாக இருக்காது. இங்கும் காடு திருத்திக் காணி கண்டவர்கள் கூட்டம் கூட்டமாகத் தங்கள் காணியாச்சிக் கோயிலைச் சுற்றியே ஊர் முறை வகுத்தார்கள். யாருக்கு முதல் பரிவட்டம், யாருக்கு இரண்டாவது என்பது சாமி விஷயம் மட்டும் இல்லை, ஊரில் யார் யார் என்ற விஷயம். தேர் வடத்தை யார் முதலில் தொடுவது என்பதில் தொடங்கி நீதிமன்றம் வரை போன வழக்குகள் தமிழ்நாட்டில் ஏராளம்.

பாஸ்டன் பக்கம் அவர்கள் பரிவட்டம் கட்டவில்லை. பலகை போட்டார்கள். சபை மண்டபத்தில் எந்த வரிசையில் யார் உட்கார்வது என்று முடிவு செய்ய ஊரார் ஒரு குழுவே அமைப்பார்கள். வயது, சொத்து, செலுத்தும் வரி, ஊரில் வகித்த பதவி எல்லாவற்றையும் தராசில் போட்டு இடம் ஒதுக்குவார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மேல்மாடம் வேலைக்காரர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும். சொத்து ஏறினால் அடுத்த முறை இடம் முன்னேறும். பின்னே தள்ளப்பட்டவர் கொதிப்பார், கிடைத்த இடத்தில் உட்கார மறுப்பார். பிரசங்கமோ மணிக்கணக்கில் போகும். தூங்கி விழுகிறவரைத் தட்டி எழுப்பக் கம்போடு ஒரு ஆள் சுற்றிவருவார். முன் பலகையில் இடம் பிடிக்க அத்தனை சண்டை போட்டுவிட்டு அங்கே போய்த் தூங்கியவர்களும் இருந்திருப்பார்கள்.

உட்கார இடம் மட்டுமில்லை, உடுப்பிலும் தரம் பார்த்தார்கள். 200 பவுண்டுக்குக் குறைந்த சொத்துள்ளவர்கள் பொன், வெள்ளிச் சரிகை வைத்த உடை போடக் கூடாது, பெரிய பூட்ஸ் மாட்டி நடக்கக் கூடாது, அந்த வீட்டுப் பெண்கள் பட்டு முக்காடு போடக் கூடாது என்று மாசசூசெட்ஸ் மன்றம் 1651இல் சட்டம் போட்டது. எளியவர் பெரிய மனிதர் வேஷம் கட்டுவது கடவுள் வகுத்த ஒழுங்குக்கு விரோதம் என்பது அவர்கள் எண்ணம்.

பூட்ஸ் என்றதும் கரூர் நினைவுக்கு வருகிறது. பசுபதீசுவரர் கோயில் சுவரில் கோனேரின்மைகொண்டான் என்ற பட்டம் சூடிய மன்னனின் ஆணை ஒன்று வெட்டப்பட்டிருக்கிறது. வெங்கால நாட்டுக் கம்மாளர்கள் இனி நன்மைக்கும் தீமைக்கும் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது செருப்புப் போட்டுக்கொள்ளலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்கிறது அது. இனி போடலாம் என்றால், அதுவரை கூடாது என்று அர்த்தம். அங்கே பூட்ஸுக்குத் தடை எழுதினார்கள், இங்கே செருப்புக்கு அனுமதி எழுதினார்கள். இரண்டு இடத்திலும் காலில் மாட்டுவது கடவுள் காரியமாக இருந்தது.

ஆனால் பியூரிட்டன்களிடம் வேறொன்று இருந்தது. ஒவ்வொருவரும் பைபிளைத் தானே படிக்க வேண்டும் என்ற பிடிவாதம். குருக்கள் சொல்லக் கேட்டால் போதாது. அதனால் 1642இல், பிள்ளைகளுக்கும் வீட்டில் தொழில் பழக வந்த பையன்களுக்கும் வாசிக்கக் கற்றுத்தருகிறார்களா என்று கண்காணிக்கச் சட்டம் போட்டார்கள். 1647இல் இன்னொன்று. 50 வீடு உள்ள ஊர் ஒரு வாத்தியாரை வைக்க வேண்டும், 100 வீடு ஆனால் இலக்கணப் பள்ளி நடத்த வேண்டும். சட்டத்தின் முகவுரையே சாத்தானைத் திட்டித்தான் தொடங்குகிறது. மனிதர்கள் வேதம் படிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவன் பழைய சூழ்ச்சியாம். பேயை விரட்டப் பள்ளிக்கூடம் கட்டிய ஊர் உலகத்தில் அதிகம் இருக்காது. கரையிறங்கி ஆறே ஆண்டில், 1636இல் ஹார்வர்டைத் தொடங்கியதும் படித்த போதகர்கள் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்றுதான். பிற்பாடு ஹார்வர்டு இளகிப்போய்விட்டது என்று சலித்துக்கொண்ட போதகர்கள் 1701இல் ஆரம்பித்ததுதான் யேலின் பேல்கள் காப்பாற்றிய கல்லூரி.

பியூரிட்டன்களின் அச்சுக்கூடத்தில் 1640இல் வெளிவந்த சங்கீதப் புத்தகம்தான் ஆங்கில அமெரிக்காவில் அச்சான முதல் புத்தகம். சோமனூருக்குப் பக்கத்தில், அவிநாசி ரோட்டில் இருக்கும் கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை ஆலயமும் தன் தொடக்கத்தை 1640 என்றுதான் சொல்லிக்கொள்கிறது. அது மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபையாரின் காலம். தேர், கொடியேற்றம், ஜெபமாலை என்று வளர்ந்த பக்தி. இரண்டுக்கும் ஒரே வேதம், ஆனால் ஒன்றை ஒன்று பார்த்திருந்தால் முகம் திருப்பிக்கொண்டிருக்கும். பியூரிட்டன்களுக்குக் கிறிஸ்துமஸே ஆகாது. வேதத்தில் நாள் குறிப்பிடவில்லை, இது பழைய புறச்சமயத்தாரின் பண்டிகை என்று 1659இல் தடை செய்தார்கள். கொண்டாடி அகப்பட்டால் 5 ஷில்லிங் அபராதம். 1681 வரை அந்தச் சட்டம் இருந்தது. கருமத்தம்பட்டித் தேரைக் கண்டிருந்தால் என்ன அபராதம் போட்டிருப்பார்களோ!

மாதருக்குத் திரும்புவோம். யேலுக்குக் கடிதம் எழுதிய அதே சமயத்தில், 1717 கடைசியில், அவர் இன்னொரு கடிதமும் எழுதினார். அது போனது தரங்கம்பாடிக்கு, சீகன்பால்கு என்ற மிஷனரிக்கு. 1706இல் வந்து இறங்கி, தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டவர் என்ற செய்தி ஜெர்மனி வழியாக பாஸ்டன் வரை எட்டியிருந்தது. கடிதத்துக்கு சீகன்பால்கு பதில் எழுத முடியவில்லை. 1719இல் இறந்துபோனார். கூடப் பணியாற்றிய கிரூண்ட்லர் பதில் அனுப்பினார். இரண்டையும் சேர்த்து மாதர் 1721இல் பாஸ்டனில் ‘இந்தியா கிறிஸ்தியானா’ என்ற புத்தகமாக வெளியிட்டார். அந்தப் பெயரில் இருக்கும் இந்தியாவுக்குள் இரண்டு இந்தியர்கள்: தமிழ்க் கடற்கரையில் இருந்தவர்களும், கொலம்பஸ் தப்பாகப் பெயர் வைத்த அமெரிக்கப் பழங்குடிகளும்.

அந்த இரண்டாம் இந்தியர்களுக்காக ஜான் எலியட் என்ற போதகர் 1663இல் முழு பைபிளையும் அவர்கள் மொழியில் அச்சிட்டிருந்தார். அமெரிக்காவில் அச்சான முதல் முழு பைபிள் அதுதான். எழுத்துக் கோத்ததில் நிப்மக் இனத்து இளைஞர் ஒருவரின் கையும் உண்டு. ஜேம்ஸ் பிரிண்டர் என்றே அவருக்குப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் 1675இல் குடியேறியவர்களுக்கும் பழங்குடிகளுக்கும் போர் வெடித்ததும், அந்த பைபிளைப் படித்து ஞானஸ்நானம் பெற்றிருந்த பழங்குடிகளையே பாஸ்டன்காரர்கள் நம்பாமல் டீர் தீவில் கொண்டுபோய் அடைத்தார்கள். குளிரிலும் பசியிலும் பலர் இறந்தார்கள். பேச ஆளில்லாமல் அந்த மொழியும் மங்கியது. இன்று வாம்பனோவாக் பழங்குடியினர் அதை மீட்டெடுக்க உதவும் ஆவணங்களில் எலியட்டின் பைபிளும் ஒன்று. சீகன்பால்கு அச்சிட்டது ஏற்கெனவே ஆயிரமாயிரம் ஏடுகள் இருந்த மொழியில். அந்தப் பக்கம் எழுத்து மட்டுமே மிஞ்சியது.

மாதர் விசித்திரக் கலவை. 1692இல் சேலம் ஊரில் சூனியக்காரர்கள் என்று 19 பேரைத் தூக்கிலிட்ட வழக்குகளுக்குப் பரிந்து எழுதியவர் இவர்தான். நம் சேலம் இல்லை, பாஸ்டனுக்கு வடக்கே கடலோரச் சேலம். 1721இல் பாஸ்டனில் அம்மை வந்தபோது, தன் வீட்டில் அடிமையாக இருந்த ஒனேசிமஸ் என்ற ஆப்பிரிக்கர் சொன்ன முறைப்படி அம்மைப்பால் குத்திக்கொள்ளுங்கள் என்று ஊரெல்லாம் எதிர்க்க எதிர்க்க வாதாடியவரும் இவர்தான்.

படிக்கச் சொல்லிக் கொடுத்தால் ஒரு தொல்லை உண்டு. படித்தவன் தானே அர்த்தம் பண்ணிக்கொள்வான். ரோஜர் வில்லியம்ஸ், மனச்சாட்சியில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்டார். விரட்டப்பட்டு 1636இல் பிராவிடன்ஸ் ஊரை நிறுவினார். ஆன் ஹட்சின்சன் தன் வீட்டில் பெண்களைக் கூட்டிப் பிரசங்கத்தை அலசினார். 1637இல் விசாரணை, பிறகு நாடுகடத்தல். குவேக்கர் என்ற இன்னொரு பிரிவைச் சேர்ந்த மேரி டயர் போகச் சொன்ன பிறகும் திரும்பத் திரும்ப வந்தார். 1660இல் பாஸ்டனில் தூக்கிலிட்டார்கள். தென்பக்கக் குடியேற்றங்களின் கதை வேறு. வர்ஜீனியாவில் இங்கிலாந்துத் திருச்சபை, மேரிலாந்தில் கத்தோலிக்கர், பென்சில்வேனியாவில் எல்லோருக்கும் கதவைத் திறந்த குவேக்கர்கள். ஒரு மதம் மற்றதை அடக்க முடியாத இந்த நெரிசலிலிருந்துதான் 1791இல் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் பிறந்தது. அதுவும் மத்திய அரசைத்தான் கட்டியது. மாசசூசெட்ஸ் 1833 வரை சபைக்கு வரி வாங்கியது.

பெரிய அதிர்ச்சி யேல் கல்லூரிக்குள்ளேயே நடந்தது. பேல்கள் வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. லண்டனில் கல்லூரிக்காகப் புத்தகம் திரட்டி அனுப்பிய ஜெரமையா டம்மர் என்ற முகவர், நியூட்டனிடம்கூடப் போய்க் கேட்டு வாங்கியிருந்தார். அந்தக் குவியலில் இங்கிலாந்துத் திருச்சபையின் இறையியல் நூல்களும் இருந்தன. கல்லூரித் தலைவர் டிமத்தி கட்லரும் நண்பர்கள் சிலரும் உட்கார்ந்து அவற்றைப் படித்தார்கள். 1722 செப்டம்பரில் பட்டமளிப்பு நாளன்று கட்லர் அந்தத் திருச்சபையின் பாணியில் ஜெபத்தை முடித்தார். மண்டபம் உறைந்தது. பியூரிட்டன்களின் கோட்டையாகக் கட்டிய கல்லூரியின் தலைவரே எதிர் முகாமுக்குப் போய்விட்டார். வேலை போயிற்று. கப்பலேறி லண்டன் போய்க் குருப்பட்டம் வாங்கிக்கொண்டு, பாஸ்டனில் அதே திருச்சபையின் போதகராக வந்து நின்றார். சென்னையில் சம்பாதித்தவர் துணியாகத் தந்தது ஒரு நூல், புத்தகமாகத் தந்தது இன்னொரு நூல். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது எத்தனை வசதி.

1740களில் வேறொரு அலை அடித்தது. ஜார்ஜ் ஒயிட்ஃபீல்ட் என்ற இங்கிலாந்துப் பிரசங்கி திறந்த வெளியில் நின்று பேசினால் ஆயிரக்கணக்கில் கூட்டம். பலகை வரிசை கிடையாது. பண்ணையாரும் படகோட்டியும் அடிமையும் ஒரே புல்தரையில் நின்று அழுதார்கள். அந்தச் சூட்டில்தான் பிரின்ஸ்டன், பிரவுன், டார்ட்மத் எல்லாம் எழுந்தன. அந்த அலை இரண்டாம் முறை எழுந்தபோது, 1806இல் மாசசூசெட்ஸில் மழைக்கு வைக்கோல் போரில் ஒதுங்கிய ஐந்து மாணவர்கள் கடல் தாண்டி வேதம் சொல்லப் போவதென்று ஜெபித்தார்கள். 1810இல் அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கம் அமைந்தது. 1812இல் முதல் கப்பல் கிளம்பியது அதே சேலம் துறைமுகத்திலிருந்து.

இந்தியாவில் கம்பெனி அமெரிக்கர்களை வரவேற்கவில்லை. இலங்கையோ ஆங்கில அரசரின் நேரடி ஆட்சியில் இருந்தது. அதனால் 1816இல் யாழ்ப்பாணத்தில் இறங்கினார்கள். சாத்தானுக்குப் பயந்து பள்ளி கட்டியவர்களின் பேரன்மார் ஊருக்கு ஊர் பள்ளி திறந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் குருமடம், 1824இல் உடுவிலில் பெண்கள் பள்ளி. வட்டுக்கோட்டையில் இங்கிலீஷும் தமிழும் கணிதமும் வானசாஸ்திரமும் படித்த சி.வை.தாமோதரம் பிள்ளை, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவரானார். மற்றவர் கறல் விசுவநாத பிள்ளை, அவரும் வட்டுக்கோட்டையார். தாமோதரம் பிள்ளை பிறகு கலித்தொகையையும் தொல்காப்பிய உரைகளையும் தேடிப் பதிப்பித்தார். சைவராக நின்றார். கட்லர் கதைதான், வேறு கடற்கரையில்.

யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் மதுரைக்கு வந்தார்கள். கொங்கு நாட்டுக்கு அமெரிக்கர் வரவில்லை. கோயமுத்தூருக்கு 1830இல் வந்த ஆடிஸ், லண்டன் மிஷன் அனுப்பிய ஆள். ஆனால் அந்த மிஷனை நடத்தியவர்களில் பெரும்பாலோர், பாஸ்டன் பியூரிட்டன்களைப் போலவே, ஊர்ச் சபை தானே தன்னை ஆளும் என்ற கொள்கைக்காரர்கள். ஒரே மரத்து இரண்டு கிளைகள். 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையாகவும் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையாகவும் அவை சேர்ந்துகொண்டன.

மதுரையில் அமெரிக்கர்கள் முட்டிக்கொண்டது பலகை வரிசையில். தமிழ்ச் சபைகளில் சாதி சாதியாகத் தனி இடம் போட்டு உட்காரும் வழக்கம் அதற்கு முன்பே ஊன்றியிருந்தது. நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் ஆலயத்துக்கு நடுவே சுவரே எழுப்பினார்கள். அது 1910இல்தான் இடிக்கப்பட்டது. மதுரையின் அமெரிக்கர்கள் 1847இல் கறார் காட்டினார்கள். மிஷன் ஊழியர்கள் சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லாரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வாத்தியார்கள், உபதேசியார்கள், வருஷக்கணக்காக ஞானப்பாட்டுப் பாடியவர்கள். இலை போட்டாயிற்று. கொஞ்சம் பேர் உட்கார்ந்தார்கள். நிறையப் பேர் வேலையை விட்டுவிட்டு வெளியே போனார்கள்.

இலை போட்டுக் காத்திருந்த அந்தப் பாதிரிமார்களின் சொந்த ஊர்களில், அந்த ஆண்டிலும், பல சபை மண்டபங்களில் கறுப்பினத்தவருக்கு மேல்மாடத்தில்தான் இடம்.

(கோயமுத்தூரில் ஆடிஸ் என்ன கண்டார் என்பது அடுத்த இதழில்)